ஊகமும் குலுக்கலும்: தான்றி மரத்தடியிலிருந்து அறுவடை வயல் வரை

1

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் நளன் கதையில், நிகழ்தகவின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் திரும்பிப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. சூதில் நாட்டை இழந்து, மனைவியைப் பிரிந்து, உருவம் மாறிய நளன், வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி வேந்தன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கிறான். தமயந்தியின் இரண்டாம் சுயம்வரத்துக்கென இருவரும் விதர்ப்ப நாட்டுக்கு விரைகின்றனர். வழியில் ஒரு தான்றி மரம். தன் எண்ணும் ஆற்றலைத் தேரோட்டிக்குக் காட்ட விரும்பிய வேந்தன், மரத்தில் இருப்பவற்றைவிடத் தரையில் உதிர்ந்து கிடப்பவை நூற்றொன்று மிகுதி என்கிறான். மரத்தின் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் இருப்பதாகவும் சொல்கிறான். நளன் அதை அப்படியே ஏற்கவில்லை. நேரமாகிறது என்று வேந்தன் தடுத்தும் கேளாமல், தேரை நிறுத்தி இறங்கிக் காய்களை எண்ணுகிறான். சொன்ன எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

இத்திறம் எங்கிருந்து வந்தது என்று வியந்து கேட்கும் நளனிடம், தான் எண்ணுவதில் வல்லவன் மட்டுமல்லன், கவற்றின் உள்ளத்தை அறிந்தவனும் ஆவான் என்கிறான் இருதுபன்னன். அந்த வித்தையை நளன் பெறுகிறான். மாற்றாகக் குதிரைகளின் உள்ளத்தை அறியும் வித்தையைத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். அக்கணமே கலி அவன் உடலை விட்டு வெளியேறித் தான்றி மரத்துக்குள் புகுகிறது.

மரத்தில் காய்களை எண்ணும் திறமைக்கும் சூதாட்டத்துக்கும் என்ன தொடர்பு? வேதகாலத்துச் சூதாட்டத்தில் உருட்டப்பட்டவை ஆறுமுகப் பகடைகள் அல்ல. தான்றிக்காய்களே ஆட்டக் கருவிகள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள சூதாடியின் புலம்பல் இக்காய்களைக் குறிப்பிடுகிறது. ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கத்தின்படி, குவியலிலிருந்து ஒரு கைப்பிடி காய்களை அள்ளி நான்கு நான்காகக் கழிப்பார்கள். மீதமின்றி முடிந்தால் கிருதம். மூன்று மிஞ்சினால் திரேதம். இரண்டு மிஞ்சினால் துவாபரம். ஒன்று மிஞ்சினால் கலி. யுகங்களின் பெயர்களும் ஆட்ட முடிவுகளின் பெயர்களும் ஒன்றே. இப்படிப்பட்ட ஆட்டத்தில், குவியலைக் கண்டவுடன் எண்ணிக்கையைச் சொல்லவல்லவனுக்குத் தோல்வி இல்லை. எனவே மரத்தை எண்ணியவனும் கவற்றின் உள்ளத்தை அறிந்தவனும் ஒருவனாக இருப்பதில் வியப்பில்லை.

தத்துவவியலாளர் இயன் ஹாக்கிங், நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975இல் வெளியிட்ட நூலில் இக்காட்சியை எடுத்துக்காட்டி, ஒரு பகுதியைப் பார்த்து முழுமையை மதிப்பிடும் மாதிரி முறையும் சூதாட்டமும் இங்கே ஒருங்கே பேசப்படுவதைச் சுட்டினார். அந்தக் கவனிப்பு மதிப்புமிக்கது. ஆயினும் அதிலிருந்து, மாதிரிக் கோட்பாடு அன்றே இங்கு இருந்தது என்று முடிவுகட்டுவது மிகையாகும். இருதுபன்னன் எவ்வாறு கணக்கிட்டான் என்பதைக் காவியம் சொல்வதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: அவனுடைய வித்தை தற்செயலை அளக்கவில்லை, தற்செயலுக்கே இடமின்றிச் செய்கிறது. அவன் சொன்ன எண் அப்படியே மெய்யானது. தன் எண் எவ்வளவு பிழைபடக்கூடும் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

நிகழ்தகவு என்னும் அறிவு தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான். ஒரு மதிப்பீடு சரியா தவறா என்று கேட்பதோடு நில்லாமல், அது எவ்வளவு தவறாக இருக்கக்கூடும், அவ்வளவு தவறாக இருப்பது எத்துணை அரிது என்று அது கேட்கிறது. இந்தியாவில் அக்கேள்வி கிராமத்து வயல்களுக்கு வந்துசேர்ந்த வரலாறு, நாட்டின் உணவுக் கணக்கோடும் உழவரின் இழப்பீட்டோடும் பின்னிக்கிடக்கிறது.

2

தற்செயலை ஒழிக்க முயன்றவன் இருதுபன்னன். தற்செயலை விரும்பி அழைத்த ஓர் அவையும் இந்திய வரலாற்றில் உண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் குடவோலை முறையை விரிவாக விளக்குகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாக அவை நிறைந்திருக்க, பூசகர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு அவிழ்க்கப்பட்டு, வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அச்சிறுவன் எடுக்கும் ஓர் ஓலையை, ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் ஏந்தி மத்தியஸ்தர் வாங்கி உரக்கப் படிப்பார். இவ்வாறு 30 பேர் தெரிவாவர்: 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

இந்த ஏற்பாட்டை மக்களாட்சியின் முன்னோடி என்று போற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம் என்பதையும், வயது, வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகிய தகுதிகள் பெரும்பான்மையோரைக் குடத்துக்கு வெளியே நிறுத்தின என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதை அதிகாரம் முடிவுசெய்தது. குடத்திலிருந்து யார் பெயர் வரும் என்பதை மட்டுமே தற்செயல் முடிவுசெய்தது. இன்றைய புள்ளியியலிலும் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். தெரிவுக்குரிய பட்டியலில் இல்லாதவரை எந்தக் குலுக்கலும் வெளிக்கொணராது.

நடைமுறையின் ஒவ்வொரு கூறும் ஒரே நோக்கத்தைக் கொண்டிருக்கிறது. சிறுவனின் அறியாமை, குலுக்கப்படும் குடம், விரிந்த உள்ளங்கை ஆகிய மூன்றும் மனித விருப்பம் புகக்கூடிய வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்கின்றன. குடும்புக்கு ஒருவர் என்னும் விதி, ஊரின் எந்தப் பகுதியும் விடுபடாமல் பார்த்துக்கொள்கிறது. இன்றைய புள்ளியியலாளர் இதனைப் படுகைவழிச் சமவாய்ப்புத் தெரிவு என்பர். ஒரு குடும்பில் 5 ஓலைகள் இருப்பின் ஒவ்வொருவரின் வாய்ப்பும் ஐந்தில் ஒன்று. இன்னொன்றில் 20 இருப்பின் இருபதில் ஒன்று. குடும்புகளுக்கிடையே சமன்மை இருந்தது, ஆட்களுக்கிடையே இல்லை. ஆனால் இந்தக் கணக்கை யாரேனும் போட்டுப் பார்த்ததாகக் கல்வெட்டில் குறிப்பில்லை. தற்செயல் நடுநிலைக்காக அழைக்கப்பட்டது, அளவிடுவதற்காக அன்று.

3

எண்ணும் கணிதம் இந்தியாவில் குறைவுபட்டதில்லை. வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், 16 நறுமணப் பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தெரிந்தெடுத்துக் கலக்கும் வழிகள் 1,820 என்று சரியாகக் கூறுகிறார். பாஸ்கரரின் லீலாவதி (1150) இத்தகைய கணக்குகளை விதிகளாகவே தருகிறது. சூதும் இருந்தது, குலுக்கலும் இருந்தது, வழிகளை எண்ணும் கணிதமும் இருந்தது. ஆனால் மூன்றும் ஒரே ஏட்டில் சந்தித்ததற்குச் சான்று கிட்டவில்லை.

அந்தச் சந்திப்பு ஐரோப்பாவில் நிகழ்ந்தது. அங்கும் மிகத் தாமதமாகவே. மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை 9 ஆவதற்கும் 10 ஆவதற்கும் ஆறாறு சேர்க்கைகள் உள்ளன. இருந்தும் 10 சற்றுக் கூடுதலாக விழுவதை ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டனர். ஏன் என்ற கேள்விக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீலியோ விடை எழுதினார். 3, 3, 3 என்னும் சேர்க்கை ஒரே வழியில்தான் விழும். 1, 2, 6 என்பதோ, எந்தப் பகடை எந்த எண்ணைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து ஆறு வழிகளில் விழும். சேர்க்கைகளை எண்ணாமல் சமவாய்ப்புள்ள வழிகளை எண்ணினால், மொத்தம் 216 வழிகளில் 9க்கு 25, 10க்கு 27. அடிப்படை நிகழ்தகவின் முதற்பாடம் இதுவே: எவை சமவாய்ப்புள்ளவை என்பதைச் சரியாக அறிந்த பின்னரே எண்ணத் தொடங்கவேண்டும்.

1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள், பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற சிக்கலைத் தீர்த்தன. யாக்கோப் பெர்னூலி இறந்தபின் 1713இல் வெளிவந்த நூல் அடுத்த பெரும் படி. ஊகிக்கும் கலை என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூல், சோதனைகளின் எண்ணிக்கை கூடக்கூட, கண்டறிந்த விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் என்பதைக் கணிதவழி நிறுவியது. ஊகத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு என்பது அதன் உட்பொருள்.

இந்த அளவுகோலை இன்றைய மாணவர் எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கவேண்டிய 100 வினாக்கள் கொண்ட தேர்வை, வினாவைப் படிக்காமலே ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வினாவிலும் அவர் வெல்லும் நிகழ்தகவு 1/4. எனவே சராசரியாக 25 விடைகள் சரியாக அமையும். திட்ட விலக்கம் சற்றேறக்குறைய 4.3. ஆகவே 30 விடை சரியாக எழுதியவர் பாடம் அறிந்தவர் என்று சொல்ல இடமில்லை. குருட்டுக் குறியீடும் அங்கே எளிதில் சென்று சேரும். 40 எடுத்தவரைப் பற்றி அவ்வாறு கருதுவது கடினம். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கங்களுக்கும் அப்பால் தற்செயல் அரிதாகவே செல்லும். அறிவு இருக்கிறதா என்று தீர்மானிக்க, அறிவு அறவே இல்லாதபோது என்ன நடக்கும் என்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல்நிலைத் தேர்வில், தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுவது இக்கணக்கைத் தழுவியே. கண்ணை மூடிக் குறிப்பவர் நான்கில் ஒருமுறை ஒரு பங்கு பெறுகிறார். நான்கில் மும்முறை மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார். வரவும் இழப்பும் சமமாகி, சராசரிப் பயன் சுழியாகிறது. ஆனால் ஒரு விடை நிச்சயம் தவறு என்று அறிந்து அதை விலக்கிவிட்டு எஞ்சிய மூன்றில் ஒன்றைக் குறிப்பவருக்குச் சராசரியாக 1/9 பங்கு கிடைக்கிறது. அரைகுறை அறிவுக்கும் ஒரு விலை உண்டு; அதை நிகழ்தகவு சரியாகவே அளந்து தருகிறது.

தான்றி மரத்தடியில் நளன் செய்ததும் ஒருவகையில் இதுவே. வேந்தன் சொன்ன எண் அறிவா ஊகமா என்பதை அவன் எண்ணிப் பார்த்து முடிவுசெய்தான். ஒரு மரத்தை எண்ணிவிடலாம். ஒரு மாகாணத்தின் நெல்லையும் சணலையும் யார் எண்ணுவது?

4

காலனியாட்சிக் கால இந்தியாவின் வேளாண் புள்ளிவிவரங்கள் கண்மதிப்பின் மேல் நின்றன. விளைச்சலைக் கணக்கிட மூன்று எண்கள் பெருக்கப்பட்டன: பயிரிட்ட பரப்பு, இயல்பான ஆண்டில் ஏக்கருக்கு எதிர்பார்க்கப்படும் விளைச்சல், நடப்பாண்டுப் பயிரின் நிலை. கடைசி எண் அணாக் கணக்கில் சொல்லப்பட்டது. இயல்பான விளைச்சல் மாகாணத்துக்கு ஏற்ப 12 அணா அல்லது 16 அணா என்று கொள்ளப்பட்டு, இவ்வாண்டுப் பயிர் எத்தனை அணா தேறும் என்பதைக் கிராம அலுவலர் வயலைப் பார்த்துச் சொல்வார். அணாவாரி எனப்பட்ட இம்மதிப்பின் மேல் நிலவரித் தள்ளுபடியும் தங்கியிருந்தது. ஆகவே அந்த எண் ஒருபோதும் விருப்பு வெறுப்பற்ற எண்ணாக இருக்க இயலவில்லை.

அந்த அலுவலர்களின் கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் வயல்களைப் பார்த்துப் பழகிய கண் பலமுறை உண்மையை நெருங்கியிருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பத்து அணா என்று ஒருவர் எழுதினால், அது ஒன்பதாக இருக்கக்கூடுமா, ஆறாக இருக்கக்கூடுமா என்பதை அந்த எண்ணிலிருந்தே அறிய வழியில்லை. ஆயிரம் கிராமங்களின் கண்மதிப்புகளைக் கூட்டினாலும் அந்த இருள் விலகாது. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், கூட்டக் கூட்டச் சாய்வும் சேர்ந்தே பெருகும்.

இதனைத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் பீகார் ஒரிசா மாகாணத்தில் பணியாற்றிய ஜே. ஏ. ஹப்பாக் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி. பின்னாளில் ஒரிசா மாகாணத்தின் முதல் ஆளுநரான இவர், 1920களில் நெல் வயல்களில் சமவாய்ப்பு முறையில் சிறு துண்டுகளைத் தெரிந்து அறுத்து எடைபோட்டு, 1927இல் அறிக்கையாக வெளியிட்டார். சூழ்நிலை இடந்தரும் அளவுக்குச் சமவாய்ப்புத் தெரிவை நெருங்குவதே நல்ல மதிப்பீட்டுக்கு வழி என்றும், அது ஆய்வாளரின் தனிப்பட்ட குறைபாடுகளை விலக்குவதோடு, மாதிரியின் முடிவு உண்மைச் சராசரியிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் நிகழ்தகவு என்ன என்பதைச் சொல்லவும் இடந்தருகிறது என்றும் அவர் விளக்கினார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் தாம் வளர்த்த முறைகளில் ஹப்பாக்கின் பணி பெரிதும் செல்வாக்குச் செலுத்தியதை ரொனால்ட் ஃபிஷர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஹப்பாக்கின் விளக்கத்தில் இரு பயன்கள் தனித்தனியே நிற்கின்றன. முதலாவது, நடுநிலை, உத்திரமேரூரின் குடம் அறிந்திருந்தது இதனையே. இரண்டாவது, பிழையின் அளவு. எந்தக் குடமும் எந்தக் கண்மதிப்பும் அதுவரை தராதது அது. குலுக்கலும் கணக்கும் கைகோத்த இடம் இதுதான்.

5

அந்தக் கைகோப்பை ஒரு மாகாணம் முழுவதற்கும் விரித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தபடியே புள்ளியியலுக்குத் திரும்பியவர். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். 1937இல் வங்காளத்தின் முதன்மைப் பணப்பயிரான சணலின் பரப்பை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பு அவர் தலைமையில் சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் விரிந்து, 1941இல் மாகாணம் முழுவதையும் எட்டியது.

கிராம நிலவரைபடங்களில் சமவாய்ப்பு முறையில் சிறு சதுரங்கள் குறிக்கப்பட்டன. களப்பணியாளர் அங்கே சென்று, என்ன விளைந்திருக்கிறது என்பதை மட்டும் பதிவுசெய்யவேண்டும். எந்த வயலைப் பார்ப்பது என்ற உரிமை அவரிடம் இல்லை. சேறும் நீரும் நிறைந்த வயலை ஒதுக்கிவிட்டுச் சாலையோர வயலைப் பார்க்கும் இயல்பான ஆசைக்கு வரைபடத்திலேயே வழி அடைக்கப்பட்டது.

இதன் ஆற்றலை ஓர் எளிய கணக்கில் காணலாம். பல லட்சம் வயல்களிலிருந்து சமவாய்ப்பு முறையில் 400 தெரிந்து, அவற்றுள் 100இல் சணல் இருந்தால், மதிப்பீடு 25 விழுக்காடு. அதன் திட்டப்பிழை சற்றேறக்குறைய 2.2 விழுக்காட்டுப் புள்ளிகள். இவ்வாறு 100 முறை மாதிரி எடுத்து எல்லை வகுத்தால், ஏறத்தாழ 95 முறை உண்மை அந்த எல்லைக்குள் அகப்படும்; இம்மாதிரியில் எல்லை 21 முதல் 29 வரை. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் 800 வயல்கள் போதா, 1,600 வேண்டும். பிழை, மாதிரி அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. மொத்தம் எத்தனை லட்சம் வயல்கள் என்பது இக்கணக்கில் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை என்பது முதன்முறை கேட்போரைத் திகைக்கவைக்கும். குழம்பின் உப்பைப் பார்க்க ஒரு கரண்டி போதும், குழம்பு நன்கு கலக்கப்பட்டிருந்தால். குலுக்கல் என்பது அந்தக் கலக்கல்தான்.

அவநம்பிக்கை எழாமலில்லை. சிலவற்றைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்வதா என்று நிர்வாகத்தில் பலர் ஐயுற்றனர். வங்க அரசு வயல்வயலாக முழுக் கணக்கெடுப்பையும் நடத்தியது. பின்னர் சணல் வணிகப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டபோது, மாதிரிக் கணக்கெடுப்பின் மதிப்பீடு அவற்றுக்கு மிக அருகில் நின்றது; பன்மடங்கு செலவில் நடந்த முழுக் கணக்கெடுப்போ வெகுவாகக் குறைத்துக் காட்டியிருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. பெருந்திரளான பணியாளர்களை அவசரமாகத் திரட்டி அனுப்பினால் ஒவ்வொருவரின் கவனக்குறைவும் சேர்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருப்பதில்லை. மகலனோபிஸ் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஒரே நிலப்பகுதியில் ஒன்றையொன்று ஊடுருவிய இரண்டு மாதிரிகளை இரண்டு தனிக்குழுக்கள் தனித்தனியே பதிவுசெய்தன. இரண்டின் வேறுபாடு தற்செயல் அனுமதிக்கும் அளவைக் கடந்தால், பிழை ஆட்களிடம் இருக்கிறது என்று பொருள்.

இது எத்துணை அவசியமாக இருந்தது என்பதை 1943ஆம் ஆண்டு காட்டியது. வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் தொகையை அரசின் விசாரணை ஆணையம் 15 லட்சம் என்று மதிப்பிட்டது. பிற்கால ஆய்வுகள் 30 லட்சம் வரை செல்கின்றன. 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தில் வரி மாறாததாக்கப்பட்ட வங்காளத்தில், பிற மாகாணங்களில் இருந்த கிராம நிலக் கணக்கர் அமைப்பு இல்லை. கிராமக் காவலர்கள் வழியாக வந்த தோராயங்களே நெல் விளைச்சல் கணக்குக்கு அடிப்படை. பஞ்சத்துக்குக் காரணம் புள்ளிவிவரப் பிழை என்று சொல்வது வரலாற்றைச் சுருக்குவதாகும். போர்க்காலக் கொள்கைகள், விலையேற்றம், கூலி வீழ்ச்சி ஆகியவற்றின் பங்கை 1981இல் அமர்த்திய சென்னின் நூல் விரிவாக ஆராய்ந்தது. ஆனால் 1942ஆம் ஆண்டின் குளிர்கால நெல் அறுவடை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. எண்கள் இல்லாமையால் அன்று. தம் பிழையின் அளவைச் சொல்லும் எண்கள் இல்லாமையால். பஞ்சத்தின் பின்விளைவுகளை ஆராய மகலனோபிஸ் குழுவினர் கிராமங்களில் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு 1946இல் வெளியானது. அழிவை அளக்கும் கருவி, அழிவுக்குப் பின்னரே அங்கே சென்றது. 1950இல் நாடு தழுவிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ளவேண்டும்.

6

குலுக்கல் எல்லாப் பிழைகளையும் தீர்ப்பதில்லை. வயலில் மிகச் சிறிய துண்டை அளந்து அறுக்கும்போது, எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பு பணியாளரிடம் உண்டு. துண்டு சிறிதாகும்போது அதன் பரப்புக்கு எல்லை ஒப்பளவில் பெரிதாகிறது. விளைச்சல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றுகிறது. இதனை மகலனோபிஸும் கண்டார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே, வி. ஜி. பான்சே ஆகியோர் பெரிய துண்டுகளே ஏற்றவை என வலியுறுத்தினர். 1940களில் இது கூர்மையான விவாதமாக நடந்தது. வயலைத் தெரிவதில் சாய்வு இல்லை. அளப்பதில் சாய்வு இருக்கிறது. மாதிரியை நூறு மடங்காக்கினாலும் இரண்டாவது சாய்வு ஒரு துளியும் குறையாது. நிகழ்தகவு தான் அறிந்த பிழையை மட்டுமே அளக்கிறது என்பதை அந்த விவாதம் தெளிவாக்கியது.

இன்று அந்த அறுவடைத் துண்டு உழவரின் வாழ்வோடு நேரடியாகப் பிணைந்துள்ளது. 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் இழப்புக்கான ஈட்டுத்தொகை பெரும்பாலும் தனி வயலைப் பார்த்து வழங்கப்படுவதில்லை. காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பட்ட பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரியே அளவுகோல். முதன்மைப் பயிர்களுக்குக் கிராம ஊராட்சி அளவில் குறைந்தது 4 பரிசோதனைகள் என்பது விதி. வயலுக்கு வயல் விளைச்சலின் திட்ட விலக்கம் சராசரியில் 30 விழுக்காடு எனக் கொண்டால், 4 துண்டுகளின் சராசரிக்குத் திட்டப்பிழை 15 விழுக்காடு. இழப்பு 20 விழுக்காடா, 35 விழுக்காடா என்பதை இந்த எண் உறுதியாகப் பிரித்துச் சொல்லாது. இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இடைவெளிக்குள் முடிவாகின்றன.

நான்கு துண்டுகளும் சமவாய்ப்பு எண்களின்படி தெரியப்பட்டிருந்தால், பிழை பெரிதாக இருந்தாலும் அது எந்தப் பக்கமும் சாயாத பிழை. அதன் அளவும் தெரியும். பரிசோதனைகளைக் கூட்டினால் குறையும். தெரியப்பட்ட வயல் எட்டாத இடத்தில் இருக்கிறது என்று பக்கத்து வயலை அறுத்தாலோ, செழித்த வயலையோ கருகிய வயலையோ யாரேனும் விரும்பிக் காட்டினாலோ, அது மீண்டும் அணாவாரிக் கண்மதிப்பே. அட்டவணையில் தசமப் புள்ளிகளோடு அச்சானாலும் அதன் இயல்பு மாறுவதில்லை. குறைந்த விளைச்சல் பதிவானால் உழவருக்கு ஆதாயம். கூடுதல் பதிவானால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆதாயம். இரு தரப்புக்கும் நடுவில் யாருக்கும் வேண்டியவராக இல்லாமல் நிற்பது அந்தச் சமவாய்ப்பு எண் ஒன்றுதான்.

புள்ளியியல் வகுப்பறைகளில் சமவாய்ப்பு என்பது சூத்திரம் தொடங்குமுன் ஒரு வரியில் கடந்துபோகும் எடுகோளாகவே இருந்துவருகிறது. இந்த வரலாறு அந்த ஒரு வரியின் எடையைக் காட்டுகிறது. இருதுபன்னனின் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை; வாய்த்ததாகச் சொல்பவரைச் சோதிக்க, ஒவ்வொரு முறையும் தேரை நிறுத்தி மரத்தை எண்ணவும் இயலாது. எஞ்சியிருப்பது உத்திரமேரூர்ச் சிறுவனின் கை. அக்கை நேர்மையாக நீண்டதா என்று கேட்பது உழவரின் உரிமை. எத்தனை ஓலைகள் எடுக்கப்பட்டன, அதனால் பிழை எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வது கணிதம் கற்றோரின் கடமை.